மாடிக்கு எட்டாத இணையம்

உங்கள் இல்லத்தின் கீழ்த்தளத்தில் தடையின்றிக் கிடைக்கும் இணையம், மாடிப்படி ஏறியதும் தள்ளாடுகிறதா? கைப்பேசியில் வைஃபை அடையாளம் நிறைவாகத் தெரிந்தும், மறுமுனையில் பேசுபவரின் முகம் அசையாமல் நின்றுவிடுகிறதா? அப்படியாயின், அந்தக் கருவியை விற்றவரையோ, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தையோ குறை கூறுவதற்கு முன்னர் இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.

பரமத்தி வேலூரில் என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. கீழே கடையும் சரக்கறையும். முதல் மாடியில் மூத்த மகனின் குடும்பம். இரண்டாம் மாடியில் இளைய மகனின் மனைவியும் இரு பிள்ளைகளும், அவர்களுடன் பெரியம்மாவும். இளையவர் குவைத்தில் பணிபுரிகிறார். அங்கு அவர் இஷா தொழுதுவிட்டு வீட்டிற்கு அழைக்கும்போது இங்கே இரவு பத்தரை மணி ஆகிவிடும். முழங்கால் வலியால் மாடியை விட்டு இறங்க இயலாத பெரியம்மா, அந்த அழைப்பிற்காக உறங்காமல் காத்திருப்பார்.

அழைப்பு வரும். "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்பார். மறுமொழி பாதியில் அறுந்துபோகும். முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். பின்னர் அழைப்பே துண்டிக்கப்பட்டுவிடும். மகனோ, மனைவிதான் சலித்துக்கொண்டு துண்டித்துவிட்டதாக எண்ணுவார். பெரியம்மாவோ, மகனுக்குத் தன்னிடம் பேச நேரமில்லை என்று மனம் குன்றுவார். மாதக் கட்டணத்தில் பாதியை இளையவர் அனுப்பி வந்தார். "பணம் பாதி என்னுடையது, இணையம் மட்டும் அண்ணன் வீட்டோடு நின்றுவிடுகிறதே" என்று ஒரு நாள் அவர் கூறிய சொல், முதல் மாடிக்கு எட்டிவிட்டது. அதன்பின் அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துபோயிற்று. பிள்ளைகள் இருவரும் மாலையில் ஓர் ஆலிமாவிடம் இணையவழி குர்ஆன் ஓதப் பயின்று வந்தனர். தஜ்வீத் வகுப்பில் ஓர் எழுத்தின் ஒலி தெளிவாகக் கேட்கவில்லையென்றால் அவ்வகுப்பினால் என்ன பயன்? ஹா எனும் ஒலியில் இரு வகை உண்டு என்பதே அப்பிள்ளைகளுக்குப் பல வாரங்கள் விளங்கவில்லை.

முந்தைய தலைமுறையினர் வளைகுடாவிலிருந்து வரும் வான்வழிக் கடிதத்திற்காக வாரக்கணக்கில் காத்திருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதோர் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குச் செல்பவரிடம் கொடுத்தனுப்பினர். நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி வழியே ஒரு படம் வந்து சேர்வதற்குள் ஒரு தேநீர் அருந்தி முடித்துவிடலாம். அந்தக் காத்திருப்பில் மனக்கசப்பு ஏற்பட்டதில்லை. தாமதம் தபாலினால் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய சிக்கல் வேறு. கருவி எங்கே பழுதுபடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லையாதலால், பழி மனிதர் மீது விழுந்துவிடுகிறது.

வேலூர் வட்டாரத்து உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால்தான் இப்பகுதியின் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் உயிர்நாடி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அனுபவமுள்ள உழவர் என்ன செய்வார்? முதலில் தலைமதகில் தண்ணீர் திறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே நீர் நிறைந்து ஓடினால், குறை இடையிலுள்ள வாய்க்காலில்தான் என்று முடிவு செய்து கரையோடு நடப்பார். வீட்டு இணையத்திற்கும் இதே முறைதான். தெருவிலிருந்து ஃபைபர் கேபிள் வந்து சேரும் பெட்டியே தலைமதகு. அங்கிருந்து உங்கள் கைப்பேசி வரையுள்ள காற்றுவழிதான் வாய்க்கால்.

ஆகவே முதலில் பெட்டியைப் பாருங்கள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது பீரோவை நகர்த்தியபோது கூர்மையாக மடங்கியிருக்கலாம். கண்ணாடி இழையாதலால் அதனை மடக்கக்கூடாது. இது நிறுவனத்தார் வந்து சரி செய்ய வேண்டிய பழுது. சிவப்பு விளக்கு இல்லையெனில், ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் கொண்டு பெட்டியோடு நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். மடிக்கணினி இல்லாதோர் பெட்டிக்கு இரண்டு அடி தொலைவில் கைப்பேசியை வைத்து அளக்கலாம். பிறகு ஒவ்வொரு தளமாக ஏறி, ஒரே நேரத்தில், ஒரே கைப்பேசியில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா வீட்டில் அவ்வாறு குறித்தோம். 100 மெகாபிட் திட்டத்தில் பெட்டியருகே 92. முதல் மாடிக் கூடத்தில் 28. இரண்டாம் மாடியில் பெரியம்மாவின் கட்டிலருகே 2. சில வேளை அதுவும் இல்லை. நிறுவனத்தார் மூன்று முறை வந்து, கடையில் நின்று அளந்துவிட்டு, "லைன் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிச் சென்றதில் பொய்யில்லை. தலைமதகு நிறைந்துதான் இருந்தது. அவர்கள் மாடியேறிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை வைஃபை மூலம் இணைத்தது. நோயாளி தம் ஊரில் அமர்ந்திருக்க, மருத்துவர் தேனியிலிருந்து திரையில் பார்த்து ஆலோசனை கூறினார். 10 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊர்களையும் எட்டும் இந்த அலை, பத்தடி உயரத்திலுள்ள மாடியை எட்டாமற்போவது ஏன்?

விடை வெளிச்சத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், ஒளி நேர்கோட்டில் செல்வதை இருட்டறைச் சோதனைகளால் விளக்கினார். வானொலி அலையும் ஒளியின் உடன்பிறப்பே என்பதை 1880களில் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் நிறுவினார். சில ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவரைக் கடக்கச் செய்து அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வைஃபை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். திறந்த வெளியில், உயர்ந்த கோபுரங்களுக்கிடையே, ஒரே திசை நோக்கிக் குவித்து அனுப்பினால் நெடுந்தொலைவு செல்லும். தேனியில் நிகழ்ந்தது அது. ஆனால் நம் வீட்டுத் தளம் திறந்த வெளியன்று. கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட்.

ஒரு தளம் அலையின் ஆற்றலில் முப்பதில் ஒரு பங்கை மட்டும் கடக்கவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தளத்திற்கு இது மிகையான கணக்கன்று. அடுத்த தளமும் அவ்வாறே செய்தால் முப்பதில் ஒரு பங்கின் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இரண்டாம் மாடிக்கு வந்து சேரும். தளங்கள் கூடக் கூட இழப்பு கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது. பழைய ஓட்டு வீட்டில் மரமும் ஓடும் மட்டுமே இருந்தமையால் அங்கே இத்தகைய தொல்லை பெரும்பாலும் எழாது. வளைகுடா உழைப்பில் நாம் கட்டியெழுப்பிய உறுதியான மாடி வீடுகளில்தான், அந்த வளைகுடாவிலிருந்து வரும் குரல் தடைபடுகிறது!

இரும்பு பீரோ, கடையின் ஷட்டர், நிலைக்கண்ணாடி, தகரக் கூரை ஆகியவை அலையைத் திருப்பி அடிக்கும். நீர் நிறைந்த தொட்டி அதனை விழுங்கும். பெரியம்மா வீட்டில் ரவுட்டர் இருந்த இடத்தைக் கண்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. கடையின் மூலையில், பணம் வைக்கும் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே! கேபிள் நுழைந்த துளைக்கு அருகில் அந்த இடம்தான் காலியாக இருந்ததாம்.

கைப்பேசியில் வைஃபை அடையாளம் நிறைவாகத் தெரிந்தும் பேச்சு அறுபடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. உரையாடல் இருவழிப் பாதை. ரவுட்டரின் குரல் உங்கள் கைப்பேசிக்குக் கேட்டால் மட்டும் போதாது; கைப்பேசியின் குரலும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். கைப்பேசியின் ஆற்றல் குறைவு. இதனை அறியாமல், ஆறு ஆன்டெனாக்களோடு சிலந்தி போல் நிற்கும் விலையுயர்ந்த ரவுட்டரை வாங்கி வந்து ஏமாந்தோர் பலர். கீழே இருப்பவர் ஒலிபெருக்கியில் பேசுகிறார். மேலே இருப்பவர் காதோடு காதாகப் பேசுகிறார். உரையாடல் எப்படி நடக்கும்?

வைஃபை இருவகை அலைவரிசைகளில் இயங்குவதை ரவுட்டரின் அட்டையிலேயே காணலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்; அது சுவரைச் சற்று நன்றாகக் கடக்கும், ஆனால் நெரிசல் மிக்கது. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. தளத்தைக் கடப்பதில் பின்தங்கியது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என 2005ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதனால் அண்டை வீட்டு வைஃபை, புளூடூத் ஒலிக்கருவி எல்லாம் அதே வரிசையில் கூடிவிட்டன. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. இரவுச் சோற்றைச் சூடாக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் உங்கள் இணையம் தடுமாறினால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இந்த அலை உடலுக்குக் கேடு விளைக்குமோ என்று அஞ்சுவோருக்கு ஒன்று கூறலாம்: வீட்டு ரவுட்டர் வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. சிறிய இரவு விளக்கு அதனினும் பன்மடங்கு மின்சாரம் கொள்கிறது.

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ரவுட்டரை இரும்பிலிருந்து விலக்கி, உயரத்தில், இயன்றால் படிக்கட்டுக்கு அருகில் வையுங்கள். வீட்டில் கான்கிரீட் மூடாத ஒரே செங்குத்துப் பாதை படிக்கட்டுதான். ஃபைபர் இழையை நீங்களே இழுக்காமல், நிறுவனத்தாரிடம் சொல்லி இடம் மாற்றச் செய்யுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவிலிருந்து அலை பெரும்பாலும் பக்கவாட்டில் பரவுகிறது. அதன் தலைக்கு நேர் மேலே குறைவாகவே செல்கிறது. ஆகவே மாடி வீட்டில் ஒரு ஆன்டெனாவையேனும் படுக்கை வசமாகத் திருப்பி வையுங்கள். இவ்விரண்டும் செய்ததில் முதல் மாடியில் 28 என்பது 50ஐத் தாண்டியது. இரண்டாம் மாடி அசையவில்லை.

அடுத்து ரிப்பீட்டர். இளையவரின் மனைவி ஏற்கனவே ஒன்று வாங்கி, தம் அறையிலேயே சொருகி வைத்திருந்தார். "விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை" என்றார். வராத இடத்தில் வைத்தால் அது எதைப் பெற்று எதைக் கொடுக்கும்? ரிப்பீட்டரை, அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். அப்போதும், கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் நிகழ்வதால், எளிய ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மெஷ் எனப்படும் கருவித் தொகுப்பு இதனினும் மேலானது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதோர், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றாக வைத்து அதனைப் பயன்படுத்தலாம். ஆயினும் அதுவும் காற்றை நம்பியே இயங்குகிறது.

சொந்த வீட்டினருக்கு என் பரிந்துரை, கேபிள்தான். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி ஒரே அகத்தியை நம்பித் தோட்டம் முழுவதும் படர்ந்துவிடுமா? வரிசை தோறும் அகத்தி நடுகிறோம் அல்லவா? அதுபோல் தளத்திற்கு ஒரு கருவி வேண்டும். கீழேயுள்ள ரவுட்டரிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு லேன் கேபிள் கொண்டுசென்று, அங்கே ஆக்சஸ் பாயிண்ட் எனும் சிறு கருவியைப் பொருத்திவிட்டால், அலை கான்கிரீட்டைக் கடக்க வேண்டிய தேவையே எழாது.

கேபிள் வாங்கும்போது விழிப்பு வேண்டும். கேட்-6 வகையில் முழுச் செம்புக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை விலை மலிவு, நாளடைவில் தொல்லை. உள்ளே எட்டு இழைகள் உண்டு. நான்கை மட்டும் இணைத்துவிட்டுச் செல்லும் பணியாளர்களும் உளர். அப்படியானால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாது. ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் எந்த வீட்டிற்கும் போதும். மின்சார ஒயர் செல்லும் அதே குழாயில் இதனைச் செலுத்தவே கூடாது. வெளிச்சுவர் வழியே கொண்டுசெல்வதை விட, இடி மின்னலை எண்ணி, படிக்கட்டு ஓரமாக உள்ளேயே பிவிசி குழாயில் கொண்டுசெல்வது நலம்.

பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதனையே ஆக்சஸ் பாயிண்டாக மாற்றலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி வழங்கும் வேலையை வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். இருவர் முகவரி வழங்கினால் ஒரே கதவெண்ணை இரு வீடுகளுக்குக் கொடுத்த கதையாகும். ஆகவே இரண்டாவது கருவியில் டிஎச்சிபி என்பதை நிறுத்திவிட்டு, முதல் கருவியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை வேன் துளையில் அன்றி லேன் துளையில் சொருக வேண்டும். எல்லாத் தளங்களிலும் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும். கைப்பேசி தானே அருகிலுள்ளதற்கு மாறிக்கொள்ளும். 2.4 வரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. மூன்று தளத்திற்கும் முறையே அவற்றை அமைத்துவிடுங்கள்.

சேனலைப் பற்றிப் பேசும்போது அண்டை வீட்டாரை மறந்துவிட முடியாது. நம் கருவியின் ஆற்றலை உச்சத்தில் வைத்தால் அடுத்த வீட்டின் இணையத்தில் இரைச்சல் கலக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ பயான்களில் எவ்வளவோ கேட்டிருக்கிறோம்; அது சுவருக்கு அப்பால் கசியும் கண்காணா அலைக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். தளத்திற்கு ஒரு கருவி வந்தபின் ஆற்றலை நடுத்தரமாகக் குறைத்துவிடலாம். அண்டை வீட்டாரின் கடவுச்சொல்லை அவர்களறியாமல் பிள்ளைகள் வழியே பெற்றுப் பயன்படுத்தும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. அதனை விளையாட்டாக எண்ணுவோர், தம் வீட்டுக் குடிநீர்க் குழாயில் எவரேனும் அப்படிச் செய்தால் பொறுப்பார்களா?

பெரியம்மா வீட்டில் வேலை ஒரு பகலில் முடிந்தது. கேபிள், இரண்டு கருவிகள், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. பணத்தை மூத்தவரே கொடுத்தார். கேபிளைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஏறி இறங்கியவரும் அவரே. வேலை முடிந்து அளந்தபோது கட்டிலருகே 90 காட்டியது. அன்றிரவு பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தாடியெல்லாம் நரைச்சுப் போச்சே தம்பி, எப்போ இருந்து?" என்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் மகனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததே இல்லை. மூத்தவர் அறை வாசலில் நின்றிருந்தார். கைப்பேசி அவர் கைக்கும் சென்றது.

மறுவாரம் மின்தடையில் மீண்டும் ஒரு சிறு குழப்பம். வீட்டு இன்வெர்ட்டர் மாடி விளக்குகளுக்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. கடையிலுள்ள ஃபைபர் பெட்டி அணைந்துவிட்டது. மாடியில் கருவி விழித்திருந்து என்ன பயன், தலைமதகு மூடிக்கிடக்கும்போது? இப்பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றுக்கென்றே கைக்கடக்கமான சிறு யூபிஎஸ் விற்கிறார்கள். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிடப்பட்டிருப்பதைப் படித்து, அதற்கேற்ப வாங்கி இணைத்தோம்.

இந்த ஆண்டு வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். தளம் ஊற்றுவதற்கு முந்தைய நாள் கொத்தனாரிடம் சொல்லி, ஒவ்வொரு மாடியின் கூடத்திற்கும் மின்சாரக் குழாயிலிருந்து தனியாக ஒரு முக்கால் அங்குலப் பிவிசி குழாயைப் பதிக்கச் செய்யுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால், பின்னாளில் கேபிளை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் இறுகியபின் அதே வேலைக்குத் துளையிடும் இயந்திரமும், தூசியும், அதற்குரிய கூலியும் வேண்டியிருக்கும்.